லொறி எஞ்சினுக்குள் எரிந்த தீ

பல்கலைக்கழகத்தில் மகன் பஸ்ரியன் என்ன படிக்கிறான் என்பதை வங்காலை ஊரில் யாரும் இனி வாயில் எடுக்கக்கூடாது என்பதில் ஓய்வுபெற்ற தபாலதிபர் செபமாலையர் கண்டிப்பாக இருந்தார். எல்லாம் அயல்வீட்டில் மீன்பிடி வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டி சிங்கராசாவால் வந்தது. "லொறிப் புகையைக் குறைக்கிற படிப்போ? அதுக்குச் சந்திக் கராஜில விட்டிருக்கலாமே!" என்று கோவில் வாசலில் வைத்துச் சிரித்துவிட்டார். அதன் பிறகு விடுமுறையில் வரும் மகன் எஞ்சின் கதையை எடுத்தாலே, "போதும், விடு" என்று வாயை அடைத்துவிடுவார்.

போர் நடந்துகொண்டிருந்த 2007இல் ஒரு காலை இராணுவம் வீடு வீடாகத் தேடி வந்தது. மேசையில் பஸ்ரியனின் மடிக்கணினி திறந்திருந்தது. திரையில் கிண்ணம் போன்ற ஒரு குழிக்குள் நெருப்பு வெடித்து மஞ்சளும் சிவப்புமாய் விரிந்தது. பக்கத்தில் அழுத்தமும் வெப்பமும் எண்களாய் ஏறின.

"குண்டா?" என்றார் அதிகாரி.

"இல்லை சேர், லொறி எஞ்சினின்ர உள்பக்கம். டீசலை எப்ப, எவ்வளவு பீச்சினால் கரி குறையுமெண்டு பாக்கிறன். உண்மையான நெருப்பில்லை, கணக்கு."

அதிகாரி தகப்பனிடம் திரும்பினார். "ஐயா, மகன் லொறி எஞ்சின் வேலையா?"

வாசல் படலையடியில் சிங்கராசாவும் அயலவர்களும் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தார்கள். செபமாலையர் நிமிர்ந்தார்.

"எங்கட குடும்பத்தில எஞ்சின் வேலைக்கு ஒருத்தரும் போனதில்லை. இவன் கம்பஸில படிக்கிறவன்."

"அப்பா!" என்றான் பஸ்ரியன்.

"அப்ப, எஞ்சின் இல்லை?"

"இல்லை."

சொன்ன வாய் மூடுமுன் மகனின் கைகளைப் பின்னால் கட்டினார்கள். "எஞ்சின்தான் சேர், எஞ்சின்தான்!" என்று அவர் ஜீப்புக்குப் பின்னால் ஓடியதை ஊரே பார்த்தது.

"ஓமெண்டு ஒரு சொல்லுத்தானே கேட்டவங்கள்," என்றாள் மனைவி எடித். பிறகு அவருடன் பேசவில்லை.

நாலாம் நாள்தான் அவரை இராணுவ முகாமுக்குள் விட்டார்கள். வேறோர் அதிகாரி அதே மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

"எஞ்சின் என்றால் சொல்லுங்கோ. இந்தச் சிவப்பு என்ன? இந்த எண் என்ன?"

செபமாலையர் திரையையே பார்த்தார். மகன் எத்தனையோ முறை சொல்ல வந்தவை அவை.

"புகை... புகை குறையும் ஐயா," என்றார்.

அதிகாரி மடிக்கணினியை மூடினார்.

"மகனைக் காட்டுங்கோ ஐயா. காலில விழுறன்."

"அவரை அனுப்பியாச்சு."

"எங்க?"

அதிகாரி வாசலைப் பார்த்து அடுத்தவரைக் கூப்பிட்டார்.