வாட்ச்மேனுக்குக் கொடுத்த இனிப்பு

எங்கள் குடியிருப்பில் சர்க்கரையை ஒழித்தது நான்தான். இதைச் சொல்வதில் எனக்கு இப்போதும் கொஞ்சம் பெருமை உண்டு. என் மானம் போன கதையும் அதற்குள்ளேயே இருப்பதால், அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் நாற்பத்தெட்டு வீடுகள். பாதிப் பேர் ஐ.டி.க்காரர்கள். மீதிப் பேர் பேங்க், ஸ்கூல் என்று இருப்பவர்கள், அப்புறம் என் வீட்டுக்காரர் இராமகிருஷ்ணன் மாதிரி ஆவடித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஓட்டிவிட்டு குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு வந்தவர்கள். போன ஆடியில் கீழ் ஹாலில் ரத்தப் பரிசோதனை முகாம் வைத்தோம். ரிசல்ட் வந்ததும் எல்லார் முகமும் தொங்கிப்போனது. நாற்பது வயதுகூட ஆகாத விக்ரமுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. என் வீட்டுக்காரருக்குக் கோட்டைத் தாண்டி நன்றாகவே உள்ளே போயிருந்தது.

எனக்கு ஒரு கெட்ட குணம். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன், பக்கத்தில் இருப்பவர்களையும் சும்மா விடமாட்டேன். அன்று சாயங்காலமே ‘வெள்ளையனே வெளியேறு’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். வெள்ளைச் சர்க்கரை, மைதா, இரவில் வெள்ளைச் சோறு, மூன்றும் வெளியேற வேண்டும். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ சுண்டலோ முட்டையோ, மிச்சக் கால் பங்குதான் சோறு. சாப்பிட்டதும் சோபாவில் விழாமல் பத்து நிமிஷம் நடக்க வேண்டும். அவ்வளவுதான். டப்பாவில் வருகிற பொடியும் கிடையாது, பட்டினியும் கிடையாது.

நம்ப மாட்டீர்கள், பலித்துவிட்டது. மூன்று மாதத்தில் என் வீட்டுக்காரர் பேன்ட்டைக் கையால் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். இரண்டாவது மாடி ஷர்மிளா நாலு கிலோ குறைந்தாள். சங்கத் தலைவர் பக்தவத்சலம் லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறி, மூன்றாவது மாடியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதைத் தானே படம் எடுத்துக் குழுவில் போட்டார். “வசந்தகுமாரி மேடம் வாழ்க” என்று கீழே இருபது பேர் எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் செங்கல்வராயன் விஷயம் வந்தது.

செங்கல்வராயன் எங்கள் பகல் வாட்ச்மேன். அயப்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். வயது ஐம்பத்தாறு. இரண்டு கண்ணிலும் புரை, அதில் வலது கண் அநேகமாக மூடிக்கொண்ட மாதிரிதான். உள்ளே வரும் வண்டிகளின் நம்பரை நோட்டில் எழுதுவது அவர் வேலை. எட்டை மூன்றாக எழுதினார், மூன்றை எட்டாக எழுதினார். ஒரு நாள் பார்சல் கொண்டுவந்த ஆளுக்கு விறைப்பாக சல்யூட் அடித்து உள்ளே விட்டுவிட்டு, பின்னாலேயே வந்த பக்தவத்சலத்தை மறித்து, “யாருப்பா நீ, எந்த ஊட்டுக்குப் போவணும்?” என்று கேட்டுவிட்டார்.

விஷயம் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வரை போனது. கண்ணைச் சரிசெய்துகொள்ளாவிட்டால் இரண்டு மாதத்தில் வேறு ஆள் என்று அவர் சொல்லிவிட்டார். பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே ஆபரேஷன் செய்கிறார்கள். ஆனால் சர்க்கரை இருநூறுக்குக் கீழே இருந்தால்தான் கண்ணில் கை வைப்பார்கள். செங்கல்வராயன் இரண்டு முறை போய், இரண்டு முறையும் முந்நூறுக்கு மேல் என்று திரும்பி வந்திருந்தார். மூன்றாவது முறையாகக் கொடுத்த தேதிக்கு இருபத்தாறு நாள் இருந்தது. அதுவும் தவறினால் வேலையும் போகும், கண்ணும் போகும்.

நான் விடுவேனா? பேனாவும் பேப்பருமாகக் கீழே இறங்கினேன்.

“அண்ணா, காலைல என்ன சாப்பிடுறீங்க?”

“கேவுரு கூழும்மா. தொட்டுக்க வெங்காயம்.”

“மத்தியானம்?”

“கெங்கம்மா டப்பா கட்டிக் குடுக்கும். கீரை, கொள்ளு, கொஞ்சூண்டு சோறு. அவ்ளோதாம்மா.”

“மாத்திரை?”

“அது டாண்ணு போட்டுக்கறேன்.”

எனக்கு எழுத ஒன்றும் இல்லை. என் அட்டவணையைவிட அவருடைய சாப்பாடு நன்றாக இருந்தது. வீட்டிலிருந்து சர்க்கரை பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்து அவர் விரலில் குத்தினேன். முந்நூற்று நாற்பத்திரண்டு காட்டியது.

“கூழ் குடிச்சா முந்நூத்தி நாப்பத்திரண்டு வருமா? யார்கிட்ட கதை விடுறீங்க?” என்று போகிறவர் வருகிறவர் முன்னால் சத்தம் போட்டேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அந்தச் சூட்டோடு அவர் மனைவி கெங்கம்மாளுக்கும் போன் போட்டு, புருஷனுக்கு என்னதான் சமைத்துப் போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

“எம்மா, எங்க ஊட்ல சக்கர டப்பாவே கெடையாது” என்றார் கெங்கம்மாள். “நீங்கல்லாம் ஆளாளுக்கு ரெண்டு கிலோ மூணு கிலோன்னு குட்த்தனுப்புனீங்களே, அத்தக்கூட கோயிலு பொங்கலுக்குக் குட்த்துட்டேன். பகல் பூரா அவரு உங்க கேட்டாண்டதான கீறாரு? அங்க இன்னா துன்றாருன்னு நீ பாரு. என்ன கேக்காத!”

போனை வைத்துவிட்டார். என்னிடம் இப்படிப் பேசிவிட்டு போனை வைத்தவர்கள் யாரும் கிடையாது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த அம்மாள் சொன்னது மண்டைக்குள்ளேயே நின்றது.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கே பேப்பரை விரித்துக்கொண்டு, கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சிமென்ட் பெஞ்சில் செம்பருத்திச் செடி மறைவில் உட்கார்ந்தேன். செங்கல்வராயன் எதையோ திருட்டுத்தனமாகச் சாப்பிடுவார், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்பது என் திட்டம்.

முதலில் எங்கள் குழுவில் இருக்கும் வர்ஷா வந்தாள், ஜாகிங் ஷூவோடு. “அண்ணா, குலாப் ஜாமூன். நாங்க சுகர் விட்டுட்டோம்ல, நீங்க சாப்பிடுங்க.” அவர் வாங்கி வைக்கப் போனார். அவள் நகரவில்லை. அவர் ஒன்றை வாயில் போட்டதும், “நல்லா இருக்கா?” என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் ஏரிப் பக்கம் ஓடினாள். அடுத்து விக்ரம், ஆபீஸில் கொடுத்த மைசூர்பாகு டப்பாவோடு. அதற்குப் பிறகு ஷர்மிளா, மகளுடைய பிறந்தநாள் கேக்கில் மிஞ்சிய பாதியோடு. பக்தவத்சலம் படியிறங்கி வந்து இரண்டு ஜாங்கிரியை இலையில் வைத்து நீட்டி, “கூச்சப்படாம சாப்பிடுப்பா” என்று தோளைத் தட்டினார். பத்தரை மணிக்குள் ஒன்பது பேர் வந்து போனார்கள். போகும்போது ஒவ்வொருவர் முகத்திலும் பெரிய தர்மம் செய்துவிட்ட களை.

இவர்களை என்ன செய்கிறேன் பார் என்று பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்தேன். லிஃப்ட் திறந்தது. என் வீட்டுக்காரர், கையில் எங்கள் வீட்டு நீல மூடி டப்பா.

“செங்கல்வராயா, திருநெல்வேலி அல்வாப்பா. அவ தங்கச்சி அனுப்புனது. நெய் எப்படி வடியுது பாரு, ரெண்டு வாய் சாப்பிடு.”

நான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். “இது வீட்டுல இருக்கவே கூடாது, கீழ கொண்டுபோய் யாருக்காவது குடுங்க” என்று காலையில் சொல்லிவிட்டு வந்தவள் நான்தான். அந்த ‘யாருக்காவது’ யார் என்று எனக்குத் தெரியும். மூன்று மாதத்தில் அதிரசம், பாதுஷா, தேன்குழலோடு வந்த லட்டு என்று நானே என் கையால் எத்தனை முறை கொடுத்திருக்கிறேன்! நாற்பத்தெட்டு வீட்டுச் சர்க்கரையும் வெளியேறி எங்கேயும் போய்விடவில்லை. கேட் வரைக்கும் வந்து, ஒரே ஒரு மனுஷன் உடம்பில் ஏறியிருந்தது. அந்த மனுஷனைத்தான் நான் பொய்யன் என்று நடுவாசலில் நிறுத்திக் கத்தினேன். வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது.

செடி மறைவிலிருந்து நான் வெளியே வந்ததைப் பார்த்து என் வீட்டுக்காரர் டப்பா மூடியைக் கீழே போட்டார்.

“ஏன் அண்ணா, வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று கேட்டேன்.

செங்கல்வராயன் வாயைத் துடைத்துக்கொண்டார். “எப்டிம்மா சொல்றது? கைல குட்த்துட்டு, துன்றனான்னு நின்னு பாக்கறாங்கோ. வேணாம்னா, வாட்ச்மேனுக்கு இன்னா திமிரு பாருன்னு ஆயிடும். ஏற்கெனவே கண்ணு தெரிலன்னு ஒரு கம்ப்ளெய்ன்ட் கீது. இதுவும் சேந்துச்சுன்னா என்னத் தூக்கிட மாட்டாங்கோ?”

“சரி, அன்னைக்கு நான் அவ்வளவு கத்தினேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே?”

“நீங்க குட்த்த அதிரசமும்தான உள்ள கீது? அத எப்டி உங்களாண்டயே சொல்றது?” சற்று யோசித்துவிட்டு, “ஆனா பொய் சொல்லக் கூடாதும்மா, அல்வா சூப்பர்” என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன், வாய்விட்டு, வீட்டுக்காரர் முன்னாலேயே. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் அதைப் பார்த்ததே இல்லை, எதையோ தவறவிடக் கூடாது என்பதுபோல் கண்ணைச் சிமிட்டாமல் நின்றார்.

அன்று மதியம் குழுவில் குரல் பதிவு போட்டேன். இனிமேல் கேட்டில் யாராவது இனிப்பு கொடுத்தால், அதை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே வந்து அவர்கள் வாயிலேயே ஊட்டுவேன் என்று சொன்னேன். முதல் குற்றவாளி நான் என்பதையும் சொன்னேன். முதலில் பக்தவத்சலம், “அப்ப வர்ற ஸ்வீட்டையெல்லாம் எங்க போடறது மேடம்?” என்று எழுதினார்.

“வாங்காதீங்க சார். வாங்கிட்டா நீங்களே சாப்பிடுங்க. உங்க உடம்புக்கு ஆகாதுன்னு பயமா இருந்தா, அவர் உடம்புக்கு மட்டும் எப்படி சார் ஆகும்?”

ஒரு மணி நேரம் கழித்து விக்ரம் “சாரி” என்று போட்டான். பிறகு வரிசையாக சாரிகள்.

இருபது நாள் மிச்சம் இருந்தது. என் வீட்டுக்காரருக்குத் தண்டனையாகக் காலையில் கேட்டில் காவல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான் இறங்கி வந்து செங்கல்வராயன் விரலில் குத்துவேன். இருநூற்றுத் தொண்ணூறு, இருநூற்று ஐம்பத்திமூன்று, இருநூற்றுப் பதினாறு. இனிப்பு நின்றது. ஆனால் கொடுத்துப் பழகிய கைகள் சும்மா இருக்குமா? சுண்டல் வந்தது, முளைகட்டிய பயறு வந்தது, வெள்ளரிக்காய் வந்தது. ஒரே காலையில் ஆறு டப்பா. நான் என் பங்குக்கு முருங்கைக்கீரையை அரைத்து, வெந்தயம் போட்டு, தினமும் பதினொரு மணிக்கு ஒரு டம்ளர் சூப் கொண்டுபோய், அவர் கடைசிச் சொட்டு வரை குடிக்கிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஆபரேஷன் அன்று கெங்கம்மாளும் அவரும் நானுமாக ஷேர் ஆட்டோவில் பூந்தமல்லிக்குப் போனோம். வேலப்பன்சாவடி தாண்டும் வரை கெங்கம்மாள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் விரலில் குத்திவிட்டு மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார். யார் கையை யார் பிடித்தோம் என்று தெரியவில்லை, என் கையும் கெங்கம்மாள் கையும் கோத்துக்கொண்டிருந்தன.

“நூத்தி எழுபத்தெட்டு. உள்ள வாங்க” என்றார் நர்ஸ்.

கெங்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்லாத்தான் கத்துற நீ. அப்டியே கத்திகினு இரு” என்றார். அவ்வளவு நல்ல பாராட்டு எனக்குக் குழுவில்கூட வந்ததில்லை.

பதினைந்து நாள் கழித்து செங்கல்வராயன் கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்கு வந்தார். சூப்பர்வைசர் வந்து சோதித்தார். ஏரிக்கரைத் திருப்பத்தில் வந்துகொண்டிருந்த காரின் நம்பரை, அது கேட்டுக்கு வரும் முன்னாலேயே செங்கல்வராயன் சத்தமாகப் படித்தார். “இடது பக்கம் ஒரு கீறலும் கீது சார்” என்றும் சேர்த்துக்கொண்டார். சூப்பர்வைசர் வேறு ஆள் பேச்சையே எடுக்காமல் போய்விட்டார். எனக்கு விசில் அடிக்கத் தெரிந்திருந்தால் அடித்திருப்பேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு வழக்கம்போல் சூப்போடு இறங்கினேன். அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கை நீட்டவில்லை.

“வேணாம்மா” என்றார்.

“என்னது?”

“சூப்பு வேணாம்மா. எனக்கு அது புடிக்கவே இல்ல. வேலைக்காகத்தான் மூச்சப் புட்ச்சிகினு குட்ச்சேன். கெங்கம்மா கடையற கீரையே எனக்குப் போதும்.” சொல்லிவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என் முகத்தை நேராகப் பார்த்தார். “கோச்சுக்கினீங்க பாருங்க. மூஞ்சி போன போக்கு நல்லாத் தெரியுது எனக்கு.”

கோபம் வந்தது நிஜம்தான். எவ்வளவு பொறுக்கி எடுத்த கீரை! டம்ளரோடு திரும்பி லிஃப்ட் வரை வந்தேன். கதவு திறப்பதற்குள் நானே ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். இத்தனை நாளும் அதை நான் ருசி பார்த்ததே இல்லை. கசப்பு அடிநாக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த இடத்திலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீதியை மேலே கொண்டுபோய் வீட்டுக்காரர் தலையில் கட்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் லிஃப்டைப் போகவிட்டு, அங்கேயே நின்று, முழுவதையும் நானே குடித்தேன்.