புள்ளிக் கோட்டில் பாண்டிச்செல்வம்

ஐப்பசியில் பாண்டிச்செல்வத்தின் உடம்பில் இடைவெளிகள் விழுந்தன. முன்பெல்லாம் வீட்டில் வைஃபை ரூட்டருக்குக் குறுக்கே அவன் நின்றால் சிக்னல் மங்கும், இப்போது மங்கவில்லை. பிறகு வெயில் அவன் தோளை ஊடுருவிப் பொட்டுப் பொட்டாகச் சுவரில் விழுந்தது. ராஜபாளையத்தில் அவன் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் பஞ்சுத் தூசி அவன் நெஞ்சில் புகுந்து முதுகு வழியாக வெளியேறியது. "ஏலே, உன்னய வச்சு மாவு சலிக்கலாம்" என்றார்கள் கூட்டாளிகள். அவனும் சிரித்தான்.

மனைவி ஈஸ்வரி சிரிக்கவில்லை. அவளுக்குக் காரணம் தெரியும். மதுரை வக்கீல் சதீஷுக்காக அவள் வீட்டிலிருந்தே காப்புரிமைப் படங்கள் வரைந்து கொடுத்தாள். உரிமை கோரும் பாகத்தைக் கெட்டிக் கோட்டிலும், கூடச் சும்மா இருப்பதைப் புள்ளிக் கோட்டிலும் வரைய வேண்டும் என்பது அந்த வேலையின் விதி. புரட்டாசியில் ஒரு கம்பெனியின் புது எம்.ஆர்.ஐ. மெஷினை வரைந்தாள். காந்தக் கூடும் மேஜையும் கெட்டிக் கோடு. மேஜையில் படுத்திருக்கும் நோயாளி புள்ளிக் கோடு. மாதிரிக்கு ஆளில்லாமல் புருஷனைக் கட்டிலில் படுக்கவைத்து வரைந்தாள். மூக்குகூட அச்சாக வந்திருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பும் ஈரலும் விட்டுவிட்டுத் தெரிந்தன. மெஷினில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொன்னார். மார்கழிக்குள் இடைவெளிகள் அகன்றன. குடித்த தண்ணீர் தரையில் சொட்டியது. ஈஸ்வரி கூப்பிட்டால் பாதிச் சொல்தான் அவனுக்கு எட்டியது.

படத்தை மாற்ற முடியுமா என்று சதீஷிடம் போனில் கேட்டாள். உரிமை கிடைக்கும்வரை மாற்றலாம் என்றார்.

"ஆனா கெட்டிக் கோடு போட்டா அவரும் மெஷினோட பாகம்மா. கம்பெனி கேட்டா குடுத்துதான் ஆகணும்."

அதைப் புருஷனிடம் சொன்னாள். அவன் அவள் கையைப் பிடிக்கப் பார்த்தான். விரல்கள் கைக்குள் புகுந்து மறுபக்கம் வந்தன.

"போடு ஏட்டி. காத்துல போறதுக்கு எங்கனயாவது கெடப்பேன்."

"உங்களத் தூக்கிக் குடுக்கவா நான் வரையப் படிச்சேன்?" என்றாள். பிறகு புள்ளிகளைச் சேர்த்துக் கெட்டிக் கோடு போட்டாள்.

தைப் பிறப்பன்று அவன் முழுசாக இருந்தான். இரண்டு தட்டுப் பொங்கல் தின்றான். எல்லாம் வயிற்றில் தங்கியது. ஆனியில் காப்புரிமை கிடைத்தது. அவனை ஏற்றிப்போகக் கம்பெனி வேன் வந்தது. டிரைவர் மரியாதையாகத்தான் பேசினான்.

அவனை மேஜையிலிருந்து இறக்கினால் மெஷின் படம் எடுப்பதில்லை. அதனால், படத்தில் உள்ளபடியே, விற்கும் மெஷின் ஒவ்வொன்றிலும் ஒரு பாண்டிச்செல்வம் படுத்திருக்கிறான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்கேன் சென்டரும் ஒன்று வாங்கியது. நோயாளிகள் வந்தால் ஒதுங்கி இடம் விடுகிறான், அவர்களுக்கும் பழகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் ஈஸ்வரி பஸ்ஸேறிப் போகிறாள். ஆள் இல்லாத நேரத்தில் அவன் பக்கத்தில் படுத்துக்கொள்ள விடுகிறார்கள். அந்த அறைக்குள் நகைநட்டு ஆகாது என்பதால், தாலியை வாசலில் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புருஷனிடம் போகிறாள்.