பெயர் மாறிய கையெழுத்து

சூரிச்சுக்கு அருகே டீட்டிகோனில் குழந்தைகள் காப்பகமொன்றில் வேலை செய்யும் செல்வராணிக்கு ஒபேரா எனும் இசைநாடகம் பாடும் இத்தாலியப் பாடகர்களின் கையெழுத்து என்றால் உயிர். சில வருசத்துக்கு முதல் ஒரு கோடை மாலையில், சூரிச் ஒபேரா முன்றலில் வைத்திருந்த பெரிய திரையில் ஒரு பெண் பாடியதைக் கேட்டு, கடைப் பைகளோடு அப்படியே தரையில் இருந்துவிட்டாள். பாசை விளங்கவில்லை. அழுகை மட்டும் வந்தது. பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சி முடிவிலும் பாடகர்கள் வெளியே வரும் பின்வாசலில் போய் நிற்கத் தொடங்கினாள். படங்கள், நிகழ்ச்சிப் புத்தகங்கள், ஒரு பாடகி மேடையில் பிடித்த காகித விசிறி என்று வீட்டில் ஒரு அலமாரி நிறைந்தது. கணவர் தம்பித்துரை, "இதுக்கும் கற்பூரம் காட்டுறதோ?" என்று கேட்பார்.

பின்வாசலில் அவளுக்கு ஒரேயொரு போட்டி, சூரிச்சின் ஓர்லிகோனில் இருந்து வரும் வத்சலா. கோயம்புத்தூர்க்காரி, கம்ப்யூட்டர் வேலை. வயதில் இளையவள், ஆள் உயரம், எப்போதும் முன்னால் நிற்பாள். இருவரும் தமிழர் என்று தெரிந்தும் ஒரு தலையசைப்புக்கு மேல் போனதில்லை.

பெயர்பெற்ற பாடகர் எத்தோரே பிராந்தினி பாடவந்த ஞாயிறு பின்னேரம் தூறிக்கொண்டிருந்தது. செல்வராணியின் கையில் அவர் இளமையில் பாடிய இசைத்தட்டு. பழைய சாமான் கடைகளில் அலைந்து பிடித்தது. வத்சலாவிடம் அன்றைய நிகழ்ச்சிப் புத்தகம். பிராந்தினி அவசரமாக வெளியே வந்தார். பெயர்களைக் கேட்டார். இரண்டையும் ஒன்றாக வாங்கி விறுவிறுவென்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

செல்வராணி தட்டின் உறையைப் பார்த்தாள். 'வத்சலாவுக்கு அன்புடன்' என்று இருந்தது. வத்சலாவின் புத்தகத்தில் செல்வராணியின் பெயர்.

"அக்கா, இதுல என் பேர் இருக்கே. மாத்திக்கலாமா?" என்றாள் வத்சலா.

"என்னத்தை மாத்துறது? தட்டு என்ரை."

"தட்டு உங்களுது. கையெழுத்து என்னுதாச்சே."

கோபம் வரவேண்டிய இடம். ஆனால் மூக்கு நுனியில் மழைத்துளி நிற்க, அந்தப் பெண் தட்டைப் பார்த்த பார்வையில் செல்வராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அடுத்த கிழமை கூர் நகரத்திலை பாடுறார். அவரிட்டையே போய்க் கேப்பம். வாறியளோ?"

கூருக்குப் போகும் ரயிலில் செல்வராணி மரக்கறி ரோல்ஸை எடுத்தாள். வத்சலா எலுமிச்சைச் சாதத்தைத் திறந்தாள். ரயில் ஏரிக்கரையால் போன நேரம் முழுக்க எந்தப் பாடகியின் குரல் பெரிது என்று வாதாடிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

"ஆபீஸ்ல யார்கிட்டயும் இதைச் சொன்னதில்லக்கா. சிரிப்பாங்க."

"எங்கடை ஆக்கள் சிரிச்சு முடிச்சிட்டினம். நீங்கள் பயப்பிடாதேங்கோ."

கூர் மண்டப வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பிராந்தினிக்குத் தடிமன் பிடித்துத் தொண்டை கட்டிவிட்டதாம், பதிலாக லியா தொனாத்தெல்லி என்ற இளம் பாடகி பாடுவாராம். சிலர் திரும்பிப் போனார்கள். இவர்கள் இருவரும், வந்ததே வந்தோம் என்று உள்ளே போனார்கள்.

முதல் பாட்டில் லியாவின் குரல் நடுங்கியது. இரண்டாவதில் நிமிர்ந்தது. மூன்றாவது பாட்டுக்கு வத்சலா செல்வராணியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பின்வாசலில் இவர்களைத் தவிர ஒருவரும் இல்லை. கையெழுத்துக் கேட்டதும் லியா, "என்னிடமா?" என்று திரும்பிப் பார்த்தாள். அதுவரை யாரும் கேட்டதில்லையாம். வத்சலா தன் அரைகுறை இத்தாலிய மொழியில் கேட்டுச் சொன்னாள். செல்வராணி யோசிக்கவில்லை, பிராந்தினியின் தட்டையே நீட்டினாள். லியா எழுத்துக்கூட்டிக் கேட்டு, இரண்டு பெயரையும் பிழையில்லாமல் ஒரு மூலையில் எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு தன் பாட்டுத் தாளையும் பேனாவையும் அவர்கள் முன் நீட்டினாள்.

"அவங்களோட முதல் ரசிகர்கள் நாமதானாம். நம்ம கையெழுத்து வேணுமாம்" என்றாள் வத்சலா.

இருவரும் தமிழிலேயே எழுதிக் கொடுத்தார்கள். லியா அந்த எழுத்துகளைக் கைப்பேசியில் படமெடுத்து அங்கேயே தாய்க்கு அனுப்பினாள்.

திரும்பும் ரயிலில், தட்டு ஒரு மாதம் டீட்டிகோனில், ஒரு மாதம் ஓர்லிகோனில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. கொஞ்ச நேரம் கழித்து வத்சலா கேட்டாள்.

"அக்கா, உங்க கையெழுத்து ஏன் அவ்வளவு கோணலா இருந்துச்சு?"

"ஆரும் இதுவரை என்ரை கையெழுத்தைக் கேக்கேல்லை எல்லோ, பிள்ளை. அடுத்த முறை வடிவா வைப்பன்."