மெயினை அணைக்காத வீடு

புயல் அடித்த நாளிலிருந்து நான் கட்டிலில் படுக்கவில்லை. வேனில் உட்கார்ந்தபடியே தூங்கினேன், டிரான்ஸ்ஃபார்மர் மேடையில் சாய்ந்து தூங்கினேன், ஒரு தடவை கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே கண் அசந்துவிட்டேன். லைன்மேன் என்று தெரிந்தால் போதும், போகிற தெருவிலெல்லாம் "எப்ப கரண்ட் வரும்?" என்று கேட்டு உயிரை எடுத்தார்கள். கடைசியாக மிச்சமிருந்தது என் சொந்தத் தெரு. அதை முடித்தால் வீடு, வீட்டில் கட்டில். என் புத்தியில் வேறெதுவும் ஓடவில்லை.

தெருவில் மரம் சாய்ந்து கம்பி அறுந்து கிடந்தது. அறுந்த இடத்துக்கு அந்தப் பக்கம் மொத்தத் தெருவும்; இந்தப் பக்கம் இரண்டே வீடு. ஒன்று என்னுடையது, அடுத்தது தையல்காரருடையது. தாடி என்று நாங்கள் கூப்பிடும் என் கூட்டாளி, டிரான்ஸ்ஃபார்மரில் எங்கள் தெருவின் ஃபியூஸ்களைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு வந்தான். என் வீட்டுக்குப் பக்கத்துக் கம்பத்தில் ஏணியைச் சாய்த்தோம். எங்கு திரும்பினாலும் கடைகளில் ஜெனரேட்டர் இரைச்சல்.

எதிர்வரிசையில், அறுந்த இடத்துக்கு அந்தப் பக்கத்து வீட்டு டீச்சர் வாசலுக்கு வந்து நின்றார்.

"ஏங்க, உங்க வீட்லயும் தையல்காரர் வீட்லயும் மட்டும் லைட் எரியுதே. லைன்மேன் வீடுன்னா தனிக் கவனிப்போ?"

"பேட்டரி லைட்டா இருக்கும் டீச்சர். கொஞ்சம் பொறுங்க, எல்லாருக்கும் வந்துரும்" என்றேன். திரும்பிப் பார்க்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

ஏணியில் கால் வைத்தேன். தாடி என் சட்டையைப் பிடித்தான்.

"டெஸ்டர் வேன்ல இருக்கு. எடுத்துட்டு வர்றேன், இரு."

வேன் சாய்ந்த மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. தாடி போய்விட்டு வருவதற்குள் ஒருவன் குளித்துச் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டுவிடலாம்.

"ஃபியூஸ் உன் பையிலதானே இருக்கு? அப்புறம் கரண்ட் என்ன, பறந்தா வரும்?"

"வராதுதான். இருந்தாலும் பாத்துட்டுத் தொடு."

"உன்னோட மாரடிக்க முடியலப்பா!"

அவன் என் இடுப்பு பெல்ட்டைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். பெல்ட் இல்லாமல் நான் ஏறமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். அவன் முதுகைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டுவதற்கு மட்டும் எங்கிருந்தோ தெம்பு வந்தது.

ஒருவழியாக வந்தான். ஏறினேன். அவன் வாயை அடைக்க வேண்டும் என்ற கடுப்பில் டெஸ்டர் கோலைக் கம்பியருகே நீட்டினேன். நுனியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கீச்சுக் கீச்சென்று கத்தியது.

அத்தனை நாள் தூக்கமும் ஒரே நொடியில் போனது. கீழே தாடி பையைத் திறந்து ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்தான்.

"எல்லாம் இங்கதான்பா இருக்கு" என்றான்.

மேலே இருந்தபடி என் வீட்டைப் பார்த்தேன். படுக்கையறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

இறங்கி நேராகக் கொல்லைப்பக்கம் போனேன். அங்கே ஒரு ஜெனரேட்டர் ஓடியது. அதிலிருந்து ஒரு ஒயர் சமையலறை ஜன்னல் வழியாகச் சுவர் பிளக்குக்குப் போனது. இரண்டு முனையிலும் பிளக் வைத்துச் செய்த ஒயர். பக்கத்தில் என் மச்சான், மனைவியின் தம்பி, பெரிய சாதனை செய்தவன் மாதிரி நின்றான்.

"எப்படி மாமா? ஒரே ஒயர், வீடு முழுக்கக் கரண்ட்!"

நான் முதலில் ஜெனரேட்டரை நிறுத்தினேன்.

"மெயினை ஆஃப் பண்ணியா?"

"அதை ஆஃப் பண்ணிட்டா, தெருவுல கரண்ட் வந்தது நமக்கு எப்படித் தெரியும் மாமா?"

கிண்டலாகச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னான்.

"நீ பிளக்குல விட்ட கரண்ட் மெயின் வழியா வெளியே போய்க் கம்பத்துல நிக்குதுடா. பக்கத்து வீட்டுக்கும் அதுதான் போகுது." ஓங்கி ஒரு அறை விட ஆசைதான். கை எழவில்லை. எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

உள்ளேயிருந்து என் மனைவி தலையணையும் உறையுமாக வந்தாள்.

"ஏங்க அணைச்சீங்க? வந்ததும் நிம்மதியாப் படுக்கட்டுமேன்னு இப்பதான் உங்களுக்காக ஃபேனைப் போட்டு வெச்சேன்."

"அந்தக் கம்பியைத் தொடப் போனவனே நான்தான்மா" என்றேன்.

அவள் ஒயரைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். தலையணையை அப்படியே தரையில் போட்டுவிட்டு முன்னறைக்குப் போய் மெயினைக் கீழே இழுத்தாள்.

"நீங்க போங்க. நான் இங்கேயே நிக்கிறேன். யார் இதைத் தொடுறாங்கன்னு பாத்துடறேன்."

தாடி அதற்குள் தையல்காரர் வீட்டு மெயினையும் அணைக்கச் சொல்லியிருந்தான். மறுபடி ஏறி, மறுபடி டெஸ்டரை நீட்டினேன். எரியவில்லை. தாடி கேட்டான் என்பதற்காக இன்னொரு தடவையும் நீட்டினேன். கம்பிகளைத் தரையோடு இணைத்து எர்த் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்ததில் சின்ன வேலை பெரிய வேலையாக இழுத்தது. முடித்து, எர்த்தைக் கழற்றி இறங்கியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. தையல்காரரிடம் மெயினைப் போடச் சொல்லிவிட்டுத் தாடி போய் ஃபியூஸைப் போட்டான். தெருவெல்லாம் விளக்கு எரிந்தது. "அப்பாடா, ஒருவழியா!" என்றார் டீச்சர்.

என் வீடு மட்டும் இருட்டாகவே இருந்தது.

உள்ளே போனேன். மெயின் பெட்டிக்கு முதுகைக் கொடுத்து அவள் நின்றுகொண்டிருந்தாள். அவள் காலடியில் மச்சான் உட்கார்ந்திருந்தான்.

"கரண்ட் வந்துருச்சு" என்றேன்.

"தெரியும். டீச்சர் வீட்ல எரியுதே."

"அப்புறம் ஏன் இருட்டுல நிக்கிற?"

"நீங்க இறங்கிட்டீங்களான்னு தெரியலையே" என்றாள்.