நாக்கில் வைத்துப் பார்த்த சோப்பு

வீட்டின் பின்கட்டில் கணவனும் மனைவியும் சோப்பு காய்ச்சி விற்றார்கள். எண்ணெயில் காஸ்டிக் சோடா கரைத்த கார நீரை ஊற்றிக் கிளறி, அச்சில் வார்த்து, இறுகியதும் அறுத்து, நான்கு வாரம் ஆறப்போட வேண்டும். காரம் மீந்திருந்தால் தோலைப் பொசுக்கிவிடும். ஆகையால் பெட்டியில் அடுக்குமுன் மனைவி ஒரு கட்டியை நுனிநாக்கால் தொட்டுப் பார்ப்பாள். சுருக்கென்றால் அந்தத் தட்டு மறுபடி அடுப்புக்குப் போகும். கணவன் ஒரு தடவைகூட நாக்கை நீட்டியதில்லை. "அது உன் டிபார்ட்மென்ட்" என்பான்.

கடை கடையாக ஏறி இறங்கிக் கால் தேய்ந்த பிறகு இப்போதுதான் ஒரு பெரிய ஆர்டர் கிடைத்திருந்தது. பிரசவ ஆஸ்பத்திரியில், பிறந்த குழந்தைகளுக்குக் கொடுக்கிற பைகளில் வைப்பதற்கு. ஆனால் இரண்டே வாரத்தில் வேண்டும் என்றான் ஆஸ்பத்திரிக்காக வாங்குகிறவன். சீக்கிரம் இறுகட்டும் என்று கணவன் காரத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டிருந்தான்.

வாசலில் வண்டி நின்றது. வாங்குகிறவன் செக்கை வைத்து விசிறிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, டேஸ்ட் பாத்தாச்சா? நல்லா இருந்தா எனக்கும் ஒரு பிளேட் சொல்லுங்க."

அவள் சிரிக்கவில்லை. கணவனைத் தட்டுகளுக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலங்க."

"தெரியலன்னா நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?"

"ரெண்டு மாசமா எதுவுமே தெரியல. சாப்பாட்டுல உப்பு உப்புன்னு தினம் கத்துறீங்களே, அதுவும் இதனாலதான். நாக்கு மரத்துப்போச்சு."

"வண்டி வந்து நிக்கும்போதுதான் சொல்வியா?"

"ஆர்டர் வரட்டும், முடியட்டும்னு இருந்துட்டேன். நீங்க ஒரு தடவ தொட்டுப் பாருங்க."

அவன் எரிச்சலோடு கட்டியை வாங்கி நாக்கில் வைத்தான். முகம் அப்படியே இருந்தது. கண் மட்டும் கலங்கியது.

"ஏ கிளாஸ்!" என்று வாசல் பக்கம் குரல் கொடுத்தான். "ஏத்துங்கப்பா!"

செக் கைக்கு வந்தது. வண்டி தெருமுனை திரும்பியதும் அவன் குழாயடியில் குனிந்து வாய் கொப்பளித்தான். கொப்பளித்துக்கொண்டே இருந்தான்.

"எரிஞ்சுதா?"

"கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"குழந்தைய நக்கச் சொல்றாங்களா என்ன? தேச்சுக் கழுவிடப் போறாங்க. விடுடி. நாயா அலைஞ்சு வாங்கின ஆர்டர்."

"பச்சத் தோலுங்க."

அவன் போனை எடுத்து அவள் முன் நீட்டினான். "அப்ப நீயே கூப்பிட்டுச் சொல்லு. வாடகைக்கு வீட்டுக்காரர் வந்து நின்னா அவருக்கும் நீயே பதில் சொல்லிக்க."

வாங்க மாட்டாள் என்றுதான் நினைத்தான். அவள் வாங்கினாள்.

"தம்பி, வண்டியத் திருப்புங்க. என் நாக்கு மரத்துப்போச்சு, எனக்குத் தெரியல. சோப்புல காரம் நிக்குது."

திரும்பி வந்தவன் நன்றி ஒன்றும் சொல்லவில்லை. "உங்க நாக்கு போனா போகுது, என் வேலையுமில்ல போகுது! இனிமே எங்க ஆபீஸ் பக்கம் தலைவச்சுப் படுத்துடாதீங்க" என்று செக்கைப் பிடுங்கிக் கிழித்தான். சுமைக்காரர்கள் பெட்டிகளைத் தெருவிலேயே இறக்கிப் போட்டார்கள். உள்ளே கொண்டு வைக்கத் தனிக் கூலி கேட்டார்கள், கொடுக்கப் பணம் இல்லை. எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன.

கணவன் ஒரு பெட்டியின் ஒரு முனையைத் தூக்கினான். அவள் மறுமுனையைப் பிடித்தாள்.

"திரும்பக் காய்ச்சிரலாம்ல?" என்று கேட்டாள்.

"காரத்த அடக்கணும்னா இன்னும் எண்ணெய் ஊத்தணும்."

"எவ்வளவு இருக்கு?"

"மொத்தத்தையும் இதுலதான் ஊத்தினேன்."

படியில் கால் இடறாமல் பார்த்துப் பின்பக்கமாக நடந்தாள். தெருவில் இன்னும் நிறையப் பெட்டிகள் இருந்தன.