இன்றைக்குத்தான் தெரிந்தது

…பஸ்ஸில் வேண்டாம், பஸ்ஸில் எப்படிச் சொல்வது, பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கிற அம்மாள் ஏற்கெனவே காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள், ஓரிக்கையில் இறங்கி வீடு வரைக்கும் நடக்கிற வழியில் சொல்லலாம், பாலாற்றுப் பக்கம் சுற்றிப் போனால் ஆள் இருக்காது, அங்கேதான், அங்கேயும் சொல்லாவிட்டால் இந்த மாதமும் போய்விடும் என்று ஜாஹ்னவி நினைத்துக்கொண்டாள், போன மாதமும் இதே பஸ்ஸில் இதையேதான் நினைத்தாள். ஜன்னலோரம் ஷாரோன் உட்கார்ந்திருந்தாள், மடியில் மாத்திரைப் பை, காற்றில் முகத்தை நீட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு… பதினைந்து வயது, பார்த்தால் பன்னிரண்டு என்பார்கள். இனிமேல் அவளுக்குத் தெரியணும் மேடம், எதுக்கு மாத்திரைன்னு தெரியாத பிள்ளை ஒருநாள் போதும்னு நிறுத்திடும், பெரியம்மா சொல்ல மாட்டேங்கிறாங்க, நீங்கதான் சொல்லணும் என்று டாக்டர் சொன்னபோது சரி என்று தலையாட்டியவள் இவள்தானே, வளரிளம் பருவத்துப் பிள்ளைகளோடு ஆலோசகராக எட்டு வருஷம் வேலை பார்த்தவள், சென்னையில் பயிற்சி எடுத்தவள், எச்.ஐ.வி.யோடு பிறந்த பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினார்களே, ரத்தத்தில் சிப்பாய்கள் இருக்கிறார்கள், ஒரு கிருமி வந்து அவர்களைத் தூங்க வைக்கிறது, மாத்திரை அவர்களை எழுப்பிவிடுகிறது… எவ்வளவு சுலபமாக இருந்தது அந்த ஏ.சி. அறையில். அம்மாவையும் அப்பாவையும் அடுத்தடுத்துக் கொண்டுபோன அதே நோய்தான் உனக்கும் என்பதற்கு மட்டும் அவர்கள் படம் எதுவும் போடவில்லை.

இறங்கினார்கள். நெசவுக்காரத் தெருவில் இரண்டு பேர் பாவு நீட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்கள், அரக்குச் சிவப்பு நூல் தெரு நீளத்துக்கும் வெயிலில் மின்னியது, இருவரும் சுவரை ஒட்டி ஒதுங்கி நடந்தார்கள். அங்கம்மாள், அதாவது ஷாரோனின் பெரியம்மா, இன்று ஏனாத்தூர் ஹாஸ்டலில் பாத்திரம் தேய்க்கிற வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் காத்திருப்பாள். காலையில் கையைப் பிடித்துக்கொண்டு, அதுகிட்ட மெதுவா சொல்லும்மா, அவங்க அம்மா மேல கோபம் வர்ற மாதிரி சொல்லிடாதம்மா என்றாள். நெஞ்சுச் சளிக்கு மாத்திரை என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வளர்த்தவள், மாத்திரை டப்பா வந்தால் எழுத்துக்கூட்டவும் தெரியாத அவள் அதன்மேல் ஒட்டியிருக்கிற காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பாள். நான் சொல்லி இந்தப் பெண் உடைந்து போனால் யார் ஒட்டவைப்பது? பாலாறு வந்துவிட்டது. தண்ணீர் எங்கே இருக்கிறது, மணல்தான், தூரத்தில் ஒரு கோடு மாதிரி பளபளப்பு. உட்காரலாமா ஷாரோன் என்றாள், உட்கார்ந்தார்கள், தொண்டையைச் செருமிக்கொண்டாள், நம்ம ரத்தத்துல சிப்பாய்ங்க மாதிரி சிலது இருக்கு தெரியுமா என்று ஆரம்பித்தாள், தன் குரல் தனக்கே யாரோ ஒன்றாம் வகுப்பு டீச்சர் குரல் மாதிரி கேட்டது.

ஷாரோன் கேட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு பொறுமையாக, எவ்வளவு மரியாதையாக, சிப்பாய் தூங்குகிற இடத்தில் தலையாட்டினாள், எழுந்துகொள்கிற இடத்தில் சிரித்தாள், கிருமிக்குப் பெயர் சொல்ல வேண்டிய இடம் வந்து ஜாஹ்னவிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டபோது மட்டும் அந்த மெலிந்த கை வந்து இவள் கைமேல் விழுந்தது. "அக்கா, நீங்க கஷ்டப்படாதீங்க. எனக்குத் தெரியும்." என்ன தெரியும்? "எச்.ஐ.வி.தானே? ஏழாவது படிக்கசொல்லவே தெரியும்க்கா. ஆஸ்பத்திரில அந்த வெராண்டால உட்கார வச்சிட்டு நீங்கல்லாம் உள்ள பேசிக்கினு இருப்பீங்க. சுவரு பூரா பெருசு பெருசா எழுதி வச்சிருக்குது. நான் படிக்க மாட்டேனா?" ஏழாவது… இப்போது பத்தாவது. ஜாஹ்னவி அந்தச் சுவரை நினைத்துப் பார்த்தாள், எத்தனை மாதம் அந்த பெஞ்சில் இந்தப் பெண்ணை உட்கார வைத்து, சமர்த்தா இரு, அக்கா வந்துடறேன் என்று போயிருக்கிறாள், தலைக்கு மேல் ஆள் உயரத்துக்கு எழுத்து, பெரியவர்களெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியம் பேசியிருக்கிறோம், சுவர் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. ஏன் யாரிடமும் கேட்கவில்லை? "யாரைக் கேக்கறது? பெரியம்மாவ கேட்டா அது அழும். டப்பாவ சுரண்டிக்கினே கண்ணத் தொடைச்சிக்கும், கதவாண்ட நின்னு நான் பாத்திருக்கேன். எனக்குத் தெரியக் கூடாதுன்னுதானே அவ்ளோ பாடு படுது. சரி, தெரியாதவளாவே இருப்போம்னு இருந்துட்டேன்."

தெரியாதவளாவே இருப்போம்… அதை அவள் வெயிலைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னாள். ஜாஹ்னவிக்கு என்னவோ செய்தது, பெரிய கோபுரத்தின் அடியில் நின்று சட்டென்று நிமிர்ந்து பார்த்தால் வயிற்றில் ஒரு இறக்கம் வருமே, அது. வரதர் கோயில் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த இவளுக்கு அந்த இறக்கம் குழந்தையிலேயே மரத்துப்போய்விட்டது என்று நினைத்திருந்தாள். அப்புறம் மற்றதெல்லாம் நினைவுக்கு வந்தது, ஒவ்வொன்றாக, புரண்டு படுத்து மறுபக்கம் காட்டுகிற மாதிரி. போன வருஷம் பள்ளிக்கூட விளையாட்டு நாளில் ஷாரோன் விழுந்து முட்டியில் ரத்தம் கொட்டியது, கிருஷ்ணவேணி, ஷாரோனுடைய உயிர்த் தோழி, பாவாடையைக் கிழித்துக்கொண்டு கட்டுப்போட ஓடி வந்தாள், தொடாதடி என்று ஒரு கத்தல், மைதானமே திரும்பிப் பார்த்தது, அந்தப் பெண்ணை நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டாள் ஷாரோன், கிருஷ்ணவேணி அதற்குப் பிறகு ஒரு மாதம் பேசவில்லை. அன்று அங்கே போயிருந்த ஜாஹ்னவி என்ன செய்தாள்? தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, இந்த வயசில் கோபம் வருவது சகஜம்தான், கோபத்தை எப்படி அடக்குவது என்று சொல்லித் தந்தாள், மூச்சை இழுத்து விடச் சொன்னாள், பத்து வரைக்கும் எண்ணச் சொன்னாள்… எண்ணினாளே! கண்ணை மூடிக்கொண்டு, சமர்த்தாக, முட்டியில் தானே கட்டிக்கொண்ட துணியோடு, பத்து வரைக்கும் எண்ணினாள். தோழியைக் காப்பாற்றிவிட்டு, கோபக்காரி என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல். எங்கே வைத்திருந்தாள் இவ்வளவையும், இந்த ஒடிசலான உடம்பில் எந்த இடத்தில்?

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? நர்ஸுக்குப் படிக்க என்னை எடுத்துப்பாங்களா?" எடுத்துக்கொள்ள வேண்டும், எடுக்காவிட்டால் நான் வந்து சண்டை போடுவேன் என்றாள். ஷாரோன் மணலில் விரலால் கோடு போட்டாள், அழித்தாள். கல்யாணம்? அதையும் கேட்டுவிட்டாள், முகத்தை ஆற்றுப்பக்கம் திருப்பிக்கொண்டு. பண்ணிக்கலாம், மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் நிறைய வருஷம் இருக்கலாம், ஆனால் கட்டிக்கப் போகிறவனிடம் சொல்லிவிட்டுத்தான், என்றாள் ஜாஹ்னவி, மெழுகிப் பேச முடியவில்லை, இவளிடம் மெழுகினால் அது அவமானம் என்று தோன்றியது. ம் என்றாள் ஷாரோன். எழுந்து பாவாடையில் மணலைத் தட்டிக்கொண்டு, "பெரியம்மாகிட்ட இன்னிக்குத்தான் தெரிஞ்சிக்கினேன்னு சொல்லிடுங்கக்கா" என்றாள். பொய் சொல்லச் சொல்கிறாயா? "இத்தினி நாளா தெரிஞ்சிக்கினே தனியா இருந்தேன்னு கேட்டா அது தாங்காது. நீங்க சொன்னீங்க, நான் அழுதேன், அவ்ளோதான். அப்டித்தான் நடக்கும்னு அது நினைச்சிக்கினு இருக்குது." சரி என்றாள் ஜாஹ்னவி. எதற்குச் சரி சொன்னோம் என்று யோசிக்கக்கூட நேரமில்லை, அவள் முன்னால் நடந்துவிட்டாள், மாத்திரைப் பையை வீசிக்கொண்டு, வழியில் ஒரு ஆட்டுக்குட்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டு.

வாசலில் அங்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாளோ, முந்தானை நுனி முறுக்கி முறுக்கிக் கயிறாகியிருந்தது. ஜாஹ்னவியின் முகத்தைப் பார்த்தாள், ஆமாம், சொல்லிட்டேன் என்று ஜாஹ்னவி தலையை அசைத்தாள், முதல் பொய். அப்போது ஷாரோன் பையைக் கீழே போட்டாள். பெரியம்மா என்று ஒரு குரல், ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள், அழுதாள். எவ்வளவு சரியாக ஆரம்பிக்கிறாள் என்றுதான் ஜாஹ்னவிக்கு முதலில் தோன்றியது, வெட்கமில்லாமல் வியந்தாள், சொன்னபடியே செய்கிறாளே. அங்கம்மாள் அப்படியே சரிந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள், "நான்தான்டி கண்ணு மறைச்சேன், நான்தான் மறைச்சேன், உன்னாண்ட எப்டிடி சொல்லுவேன்…" அத்தனை வருஷமாக டப்பாவிலிருந்து சுரண்டி எறிந்ததெல்லாம் இப்போது வாய்விட்டு வந்தது, ஷாரோன் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியாமப் போச்சே பெரியம்மா, தெரியாமப் போச்சே" என்றாள்.

அது பொய், அந்த வார்த்தை பொய் என்று ஜாஹ்னவிக்குத் தெரியும். ஆனால் அந்தச் சத்தம்… நடிக்கிறவர்கள் அப்படியா அழுவார்கள், மூச்சு எடுக்க மறந்து, விக்கி, தோள்பட்டை எலும்பு இரண்டும் சட்டைக்குள் தூக்கித் தூக்கிப் போட? பெரியம்மாவுக்காக அழுகிறாளா, இல்லை, ஏழாவது வகுப்பில் அந்த வெராண்டாவில் தனியாகப் படித்துவிட்டுச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தாளே ஒரு பெண், அவள் அழுகிறாளா இப்போது, அழுவதற்கு ஒரு சாக்குக் கிடைத்துவிட்டதென்று? பக்கத்து வீட்டுக்காரி வாசலுக்கு வந்து என்னம்மா ஆச்சு என்றாள், ஒன்றுமில்லை என்றாள் ஜாஹ்னவி, வாசலை மறைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றாள். முதுகுக்குப் பின்னால் அழுகை நிற்கவில்லை. எது நிஜம் என்று கேட்டால் ஷாரோன் சொல்லிவிடுவாள், அவளிடம் கேட்டால் எதையும் சொல்லிவிடுவாள் போலிருக்கிறது. ஆனால் அவளுக்கே அது தெரிந்திருக்குமா… கேட்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது, ஏன் என்று தெரியவில்லை.