பதினான்கு-அ எண் குடைக்கடை

பல்கலைக்கழகத்தின் சிறுதொழில் ஆய்வுக்காக அவள் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இட்டுக்கட்டி எழுதிய குடைக்கடை, அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் திறந்தது. மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில், அதுவரை ஒரு பூனை நுழையக்கூட வழியில்லாத இடத்தில், படிவத்தில் எழுதியபடியே ஆறடி அகலத்தில், கதவெண் பதினான்கு-அ என்ற பலகையோடு இருந்தது. மருந்துக்கடைக்காரர் தன் சுவர் கொஞ்சம் தள்ளிப்போயிருப்பதைக் கவனித்தார். வாடகை ஏறாதவரை நமக்கென்ன என்று விட்டுவிட்டார்.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. கள ஆய்வாளர் என்று பெயர்தான் பெரிது. நாளைக்குப் பன்னிரண்டு கடை, கடைக்கு எண்பத்து நான்கு கேள்வி. முதலாளிகளோ அவளைக் கண்டாலே வரி ஆபீஸ் ஆள் என்று ஷட்டரை இறக்கினார்கள். மழை பிடித்துக்கொண்ட ஒரு நாளில் மூன்று கடை குறைந்தது. அந்தத் தொழிலில் எல்லோரும் எப்போதாவது செய்வதைத்தான் அவளும் செய்தாள்: பூட்டுக்கடை, பை தைக்கும் கடை, குடைக்கடை என்று மூன்றை வீட்டிலேயே நிரப்பினாள். மூன்றுமே திறந்துகொண்டன. குடைக்கடைக்காரருக்கு வயது நாற்பத்தேழு, மனைவி இல்லை, ஒன்பது வயதில் ஒரு மகள். மகளின் பெயரைப் படிவம் கேட்கவில்லை. அதனால் அந்தப் பெண்ணுக்குப் பெயர் கிடையாது. அப்பா "பாப்பா" என்று கூப்பிட்டுச் சமாளித்தார். எங்கே தூங்குகிறார்கள் என்றும் படிவம் கேட்கவில்லை. ஆறு மணிக்கு ஷட்டர் இறங்கிய பிறகு அவர்களை யாரும் எங்கும் பார்த்ததில்லை.

முதலில் அவளுக்கு வேலை போய்விடுமே என்றுதான் பயம். எதிர்ச்சாரியில் நின்று பார்ப்பாள், உள்ளே போகமாட்டாள். ஒருநாள் பாப்பா அவளைப் பார்த்துக் கையசைத்தது. அன்றிலிருந்து பயம் வேறு மாதிரி ஆகி, சாப்பாடு இறங்காமல் போயிற்று.

பேராசிரியர் நல்ல மனிதர். சின்னக் கடைகளைக் காப்பாற்ற அரசாங்கம் ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று இருபது வருடமாக எழுதிவந்தார்; அந்த இருபது வருடத்தில் ஒரு கடைக்குள்ளும் போய் உட்கார்ந்ததில்லை. இரண்டாம் வருடக் கணக்கெடுப்பின்போது படிவங்களை நகராட்சிப் பட்டியலோடு ஒப்பிட்டார். பட்டியலில் இல்லாத பூட்டுக்கடையைச் சிவப்புப் பேனாவால் அடித்தார். எதிரே உட்கார்ந்திருந்த அவளுக்கு உடனே போன் வந்தது. கூட வேலைபார்க்கும் பெண்.

"அக்கா, பூட்டுக்கடையக் காணோம்கா! இப்பத்தான் அந்த ஆளோட பேசிட்டிருந்தேன். வெறும் சுவரு நிக்குது."

அவள் வாயைத் திறப்பதற்குள் பை தைக்கும் கடையும் போயிற்று. அதில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்றாவது படிவத்தைச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்ப்போம் என்று பேராசிரியர் எழுந்து போனார்.

அவள் குடைக்கடைப் படிவத்தை இழுத்தாள். வெளியாட்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற கேள்வியில் பூஜ்யத்தை அடித்து ஒன்று என்று போட்டாள். பணியாளர் விவரத்தில் தன் பெயர், வயது, தன் வீட்டு முகவரி, வேலை நேரம் பத்து முதல் ஆறு என்று எழுதினாள். வீடு, புருஷன் எல்லாம் ஒரு கணம் கண்ணில் வந்து போயின. பேராசிரியர் ஏப்பம் விட்டபடி திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது. மேஜைப் போன் அடித்தது.

"சார், சிவப்புப் பேனாவக் கீழ வைங்க."

"நீ எங்கம்மா இருக்க?"

"குடைக்கடையில. அடிச்சீங்கன்னா நானும் போயிடுவேன் சார்."

அவர் போய்ப் பார்த்தார். அவள் மடியில் விரித்த குடையோடு உட்கார்ந்திருந்தாள். அவர் திரும்பி வந்து, அந்தப் படிவத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதினார். வெளியாள் ஒருவரை வைத்திருக்கும் கடைகள் எளிதில் மூடுவதில்லை என்று அவருடைய அறிக்கை சொன்னது. அரசாங்கம் அதையே கொள்கையாக அறிவித்தது. அவள் தினமும் ஆறு மணிக்கு வீடு திரும்பினாள். கையெல்லாம் கம்பிக் கீறல் என்பதைத் தவிரப் புருஷனுக்கு வேறு புகார் இல்லை.

ஐந்தாம் வருடம் ஆய்வு முடிந்தது. படிவம் வராத கடை மூடிய கடை என்பது ஆய்வு விதி. அதனால் ஓய்வுபெற்ற பிறகும் பேராசிரியர் வருடம் தவறாமல் வந்து, முக்காலியில் உட்கார்ந்து, எண்பத்து நான்கையும் கேட்டார். அவர் பேனா மூடியைத் திறக்கும்போதெல்லாம் அவள் மை என்ன நிறம் என்று எட்டிப் பார்ப்பாள். எழுபத்திரண்டாம் வயதில், நெஞ்சுவலி வந்து படுத்து எழுந்த மாதத்தில், அவர் கடைசிக் கேள்விக்கு வந்தார். அடுத்த ஆண்டும் கடை நடக்குமா?

குடைக்கடைக்காரர் கம்பியைக் கீழே வைத்தார். "அத எங்கிட்ட ஏன் சார் கேக்குறீங்க? எழுதுறவர் நீங்கதானே."

அவள் இழுப்பறையைத் திறந்து வெற்றுப் படிவக் கட்டு ஒன்றை அவர் முன்னால் வைத்தாள்.

"வரப்போற வருஷங்களையும் இப்பவே எழுதிடுங்க சார்."

"பார்க்காம எழுதுறது தப்பும்மா."

"தப்புதான் சார்."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் கேள்வியிலிருந்து தொடங்கினார். ஷட்டரை இறக்குவதற்குள் பதினொரு வருடத்துப் படிவம் முடிந்திருந்தது. கை வலிக்கிறது, மிச்சத்தை நாளைக்குப் பார்ப்போம் என்றார்.